மூன்று குட்டைகளுக்கு நல்ல தண்ணீர்

யூனிஸுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேலை, இறாலுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். நியூ ஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகுதான், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மிச்சக் கதையை எனக்குச் சொன்னாள்.

அவளுக்குச் சொந்த ஊர் நாசரேத். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணு எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தியசீலனைக் கல்யாணம் செய்து 1980இல் ஹூஸ்டன் வந்தாள். அவன் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் வரைபடம் போடும் இன்ஜினியர். மூன்று வருஷத்தில் எண்ணெய் விலை விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவனையும் அவனோடு முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. விசாவோ அந்த வேலையை நம்பி இருந்தது.

அந்த நேரத்தில்தான் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் டாக்டர் தர்மராசாவைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஹூஸ்டனில் பெயர் பெற்ற இதய மருத்துவர். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் இழந்த தம்பி குடும்பத்தை எப்படியாவது அழைத்து வந்துவிட வேண்டும், அவர்களுக்கு ஒரு தொழில் காட்டவேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். வேறு மூன்று டாக்டர்களோடு சேர்ந்து, ஹூஸ்டனுக்குத் தெற்கே இரண்டரை மணி நேரத் தூரத்தில், கடலோரமாகக் கிடந்த பழைய நெல் வயலை வாங்கி எட்டு இறால் குட்டைகள் வெட்டியிருந்தார். அங்கே படித்த ஆள் ஒருவர் வேண்டும். யூனிஸின் படிப்பைக் கேட்டதும், “பிள்ளை, நீர் வாரும். விசாவும் கிறீன் கார்டும் என்ர பொறுப்பு” என்றார். சொன்னபடி இரண்டுக்கும் அப்ளை பண்ணினார். அன்று முதல் குடும்பத்தின் விசா அவள் பெயருக்கு மாறியது. அவளைச் சார்ந்த விசாவில் சத்தியசீலன் வேலைக்குப் போகக்கூடாது. பண்ணைக்குப் பக்கத்து டவுனில் வீடு எடுத்தார்கள், அவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டான்.

பண்ணையின் மேனேஜர் கேரி, அந்த ஊர்க்காரன். முன்பு இறால் படகு ஓட்டியவன். கோபக்காரன் ஆனாலும் உழைப்பாளி. பம்புகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொண்டவர் டுவான் என்ற வியட்நாம்காரர். நாற்பது வயது இருக்கும். அகதியாக வந்து, அந்தக் கரையில் மீன் பிடித்து, வெள்ளைக்கார மீனவர்கள் சிலர் வியட்நாம்காரர்களின் படகுகளுக்குத் தீ வைத்தபோது பயந்து கரையேறியவர். அவருக்கும் யூனிஸுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலமும் மிளகாயும்தான். அவர் தன் தோட்டத்து மிளகாயைப் பையில் கட்டி லேப் கதவில் தொங்கவிடுவார். இவள் அதில் ஊறுகாய் போட்டுப் பாட்டிலில் திருப்பிக் கொடுப்பாள்.

1984ஆம் வருஷக் கோடையில் மழையே இல்லை. கடல் தண்ணீரைத்தான் குட்டைகளுக்கு இறைப்பார்கள். கடலிலேயே உப்பு ஏறியிருந்தது. குட்டையில் வெயில் குடித்தது போக மிஞ்சியது அதைவிட உப்பு. சாதாரணமாக லிட்டருக்கு இருபத்தைந்து கிராம் இருந்தால் இறாலுக்குச் சுகம். ஆகஸ்டில் அது நாற்பத்து மூன்று. இறால் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. தின்றதெல்லாம் உடம்பிலிருந்து உப்பை வெளியே தள்ளவே செலவாகிக்கொண்டிருந்தது.

பண்ணையில் ஒரு பெரிய ஆழ்குழாய்க் கிணறு இருந்தது. நெல்லுக்குப் போட்டது, அருமையான நல்ல தண்ணீர். அதை எப்படிக் கலப்பது என்று யூனிஸ் ஜூலையிலேயே பிளாஸ்டிக் தொட்டிகளில் சோதித்துப் பார்த்தாள். ஒரு தொட்டியில் உப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தாள். இன்னொன்றில் தினமும் இரண்டு கிராமாகக் குறைத்தாள். பிறகு நாசரேத்தில் மனிதர்களுக்குச் செய்ததையே இறாலுக்குச் செய்தாள். இறாலின் கால் உடம்போடு சேரும் இடத்தில் மெல்லிய ஊசியைக் குத்தி, கண்ணாடிபோல் இருக்கும் ரத்தத்தை ஒரு துளி இழுத்து, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் விட்டு, நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணினாள். நல்ல இறாலுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் இருபத்திரண்டாயிரம் இருந்தது. மெல்லக் குறைத்த தொட்டியில் பத்தொன்பதாயிரத்துக்கு இறங்கி மறுபடி ஏறிக்கொண்டது. ஒரே நாளில் குறைத்த தொட்டியில் ஒன்பதாயிரம். அந்தத் தொட்டியில் நாலாம் நாள் பாதி இறால் செத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் பச்சை அட்டை நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைத்தாள்.

ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை. கேரி தீவனம் ஏற்றிவர டவுனுக்குப் போயிருந்தான். லேபில் போன் அடித்தது. டாக்டர்.

“கேரி இல்லையோ? சரி, நீர் கேளும். பார்ட்னர்மார் கேக்கினம், ஏன் இன்னும் சைஸ் வரேல்லை எண்டு. செப்டம்பர் கடைசியிலை பிடிச்சாகவேணும், பிறகு குளிர் வந்திடும். மூண்டு, நாலு, அஞ்சு, அந்த மூண்டு குட்டைக்கும் கிணத்துத் தண்ணியை முழுசாத் திறந்துவிடச் சொல்லும்.”

“டாக்டர், மெதுவா விட்டா நல்லா இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு, மிஞ்சினா மூணு கிராம்தான் கொறையணும். நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்.”

“அப்பிடியெண்டா எத்தினை நாள் பிடிக்கும்?”

“ஒம்பது, பத்து நாள்.”

“அவ்வளவு நாள் பொறுக்கேலாது பிள்ளை. உது உப்பும் தண்ணியும் தானே, தாங்கும். திறக்கச் சொல்லும்.”

தொட்டியில் பாதி செத்ததை அவள் சொல்லியிருக்கவேண்டும். நோட்டு மேஜைமேல் திறந்தே கிடந்தது. அவள் சொன்னது, “சரி டாக்டர்.”

“ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னும் தெரியல” என்றாள் என்னிடம். “பயமா, மரியாதையா, ரெண்டுமான்னு தெரியல. வாய்ல அதுதான் வந்துச்சு.”

வெளியே போய் டுவானிடம் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் குட்டையைப் பார்த்தார். முழுசாகவா என்று கேட்டார். முழுசாகத்தான், டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். அவர் போய் மூன்று வால்வையும் திறந்தார்.

வியாழக்கிழமை காலையில் மூன்று குட்டைகளிலும் உப்பு பத்தொன்பது. கேரிக்குச் சந்தோஷம், இறால் நன்றாகத் தின்கிறது என்றான். யூனிஸ் நாலாம் குட்டையில் மூன்று இறால் பிடித்து ரத்தம் எடுத்தாள். ஒன்பதாயிரம், எட்டாயிரத்து ஐந்நூறு, பத்தாயிரம். எண்ணியதையே மறுபடி எண்ணினாள். மத்தியானம் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்றார்கள். செய்தி வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை கடற்புறாக்கள் வந்துவிட்டன. செத்த இறால் அடியில் போய்விடும், மேலே தெரியாது. தள்ளாடிக் கரையோரம் ஒதுங்குவதைத்தான் பறவைகள் கொத்தும். நாலாம் குட்டையைச் சுற்றி வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. யூனிஸ் வலை போட்டு எடுத்தவற்றுக்கெல்லாம் வால் சிவந்திருந்தது. ரத்தத்தைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தாள். மறுநாள் காலை தட்டு முழுக்க மஞ்சள் புள்ளிகள். விப்ரியோ. அது எங்கிருந்தோ வந்த கிருமி இல்லை. எப்போதும் கடல் தண்ணீரில் இருப்பதுதான். ரத்தத்தில் அந்த அணுக்கள் காவல் இருக்கிறவரை இறாலுக்குள் அது வேலை காட்டாது. திங்கட்கிழமைக்குள் மூன்று குட்டைகளும் போயின. அடியில் வலையை இழுத்தால் சேறும் செத்த இறாலுமாக வந்தது. நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது. மற்ற ஐந்து குட்டைகளில் இறால் சின்னதாக இருந்தாலும் உயிரோடு இருந்தது.

புதன்கிழமை நாலு டாக்டர்களும் வந்தார்கள். கரையில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டார். கேரி சட்டென்று சொன்னான்: நான் டவுனுக்குப் போயிருந்தேன், வரும்போது வால்வு மூன்றும் முழுசாகத் திறந்திருந்தது, டுவான் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டான். கேரி வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்றே யூனிஸ் நினைத்தாள். வால்வு திறந்திருந்ததைப் பார்த்தான். திறந்த கை யாருடையது என்று தெரியும். அதற்கு மேல் அவன் யாரிடமும் கேட்கவில்லை.

டுவான் டாக்டர் தர்மராசாவைப் பார்த்தார். டாக்டர் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டுவான் யூனிஸைப் பார்த்தார். யூனிஸ் குனிந்து கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே கேரி டுவானை வேலையைவிட்டு நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்து சத்தியசீலனிடம் சொன்னாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

“டாக்டர் சொன்னாருன்னு நீ சொல்லப் போற. எல்லார் முன்னாலயும். அப்புறம் அவரு நம்ம பேப்பர்ல கையெழுத்துப் போடுவாரா?”

“அந்த மனுசன் ஒண்ணும் செய்யலங்க. நான்தான் போய்த் தெறக்கச் சொன்னேன்.”

“தெரியுது யூனிஸ். எனக்கு மட்டும் தெரியாதா? இப்ப வாயத் தெறக்காத. கிரீன் கார்டு இன்டர்வியூ முடியட்டும். அவனுக்குப் படகு இருக்கு, தொழில் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?”

குழந்தை மேஜையடியிலிருந்து தலையை நீட்டி, “மம்மி, ஆர் யூ ஸிக்?” என்று கேட்டது. இல்லை என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள், வியாழக்கிழமை, டுவான் தன் ரப்பர் பூட்ஸை எடுத்துப்போக வந்தார். லேப் கதவண்டை நின்றார். உள்ளே வரவில்லை. யூனிஸ் எழுந்து போய், “ஐ ஆம் ஸாரி” என்றாள். அவர் தலையசைத்தார். அதோடு போய்விடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் வேறு ஏதோ சொல்வாள் என்று நினைத்து நின்றதுபோல் இருந்தது. அவள் சொல்லவில்லை. பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். லேபில் நோட்டை எடுத்துப் பார்த்தாள். பதினான்காம் தேதிப் பக்கத்தில் உப்பளவு, சூடு, நேரம் எல்லாம் இருந்தது. ‘கிணற்று வால்வு திறக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தாள். யார் சொல்லி என்று எழுதவில்லை. அதை அப்போதே வேண்டுமென்றே விட்டோமா, சும்மா விட்டோமா என்று யோசித்தாள். சும்மா விட்டதாகத் தன்னையே நம்பவைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் காரை எடுத்தாள். சத்தியசீலன் வாசலில் வந்து நின்றான். தடுக்கவில்லை. “பாத்து டிரைவ் பண்ணு” என்று மட்டும் சொன்னான்.

ஹூஸ்டனில் டாக்டர் வீட்டு ஹாலில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி இந்திராதேவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். யூனிஸ் தேநீரைத் தொடாமல் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“டாக்டர், நம்ம ஒடம்புக்கு ஒரு தடவ அம்மை வந்தா அடுத்த தடவைக்கு ஞாபகம் இருக்கும். இறாலுக்கு அந்த ஞாபகம் கெடையாது. அன்னைக்கு ரத்தத்துல எத்தனை அணு இருக்கோ அதுதான் காவல். திடீர்னு உப்பு எறங்கினா அந்த அணு பாதிக்கு மேல போயிருது. தண்ணியில ஏற்கெனவே இருக்க கிருமி உள்ள பூந்துருது. இது ஜூலையில எழுதினது. எனக்கு முன்னமே தெரியும். போன்ல நீங்க சொன்னப்ப நான் இதச் சொல்லல. அது என் தப்பு. ஆனா தெறக்கச் சொன்னது நீங்க. போய்ச் சொன்னது நான். டுவான் மேல ஒரு தப்பும் இல்ல.”

டாக்டர் நோட்டைப் புரட்டினார். எண்களைப் படிக்கத் தெரிந்தவர். வெகுநேரம் படித்தார். பிறகு, “நான் முழுசாத் திறக்கச் சொன்னனானோ? எனக்கு வடிவா ஞாபகமில்லைப் பிள்ளை” என்றார்.

சமையலறை வாசலில் நின்ற இந்திராதேவி சொன்னார்: “இஞ்சருங்கோ, நீங்கள் சொன்னனீங்கள். நான் பக்கத்திலைதானே நிண்டனான். ‘அவ்வளவு நாள் பொறுக்கேலாது’ எண்டும் சொன்னனீங்கள்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படுவார் என்று யூனிஸ் எதிர்பார்த்தாள். அவர் முகம் திடீரென்று வயதானதுபோல் ஆனது. “தம்பியாக்கள் வரமுதல் ஏதாவது காட்டவேணும் எண்டு அவசரப்பட்டிட்டன்” என்றார். “அந்த மனுசனைத் திரும்பக் கூப்பிடும். நான் கடிதம் தாறன்.” அங்கேயே உட்கார்ந்து, வால்வைத் திறக்கச் சொன்னது தான்தான் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “உம்மடை கிறீன் கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பயப்படாதேயும்” என்றார். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. அவள் பயம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கடிதத்தோடு நேரே டுவான் குடியிருந்த டிரெய்லர் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் மிளகாய்ச் செடிகள் மட்டும் நின்றன. பக்கத்து வீட்டுக்காரி, அவர்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், லூசியானாவுக்கு என்று நினைக்கிறேன் என்றாள். விலாசம் தெரியாது.

அடுத்த நாள் கேரியிடம் கடிதத்தைக் காட்டினாள். அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். “யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்” என்றான்.

ஊரில் நண்டு உடைக்கும் ஷெட்டில் டுவானின் மச்சினி வேலை பார்க்கிறாள் என்று தெரியவர நாலு மாதம் ஆயிற்று. ஜனவரியில் ஒரு போன் நம்பர் கிடைத்தது. யூனிஸ் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார், கடிதம் கையில் இருக்கிறது, வேலை திரும்ப உண்டு என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

டுவான், “எப்போது ஒத்துக்கொண்டார்?” என்று கேட்டார்.

“நீங்கள் கிளம்பின அன்றைக்கு. ஞாயிற்றுக்கிழமை.”

“நாலு நாள் காத்திருந்தேன்” என்றார். “மனைவி புதன்கிழமையே போகலாம் என்றாள். இல்லை, அந்த இந்தியப் பெண் சொல்லுவாள், நீ பொறு என்றேன். பூட்ஸ் எனக்கு அவசரமில்லை. நீ சொல்லுவாயா என்று பார்க்கத்தான் வந்தேன்.”

பிறகு டுவான், வேறு இரண்டு பண்ணைகளில் வேலை கேட்டேன், குட்டையைக் கொன்றவன் என்று பேர் எனக்கு முன்னால் போய்விட்டது, இப்போது மறுபடி படகில் போகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர், “ஓகே” என்றார். கடிதத்தை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கும், “ஓகே” என்றார். விலாசம் சொன்னார். டாக்டரைக் கேட்டு, அந்த இரண்டு பண்ணைகளுக்கும் கடிதத்தின் நகலை அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. டுவான் பண்ணைக்குத் திரும்பவும் இல்லை.

அடுத்த வருஷம் கிணற்றுத் தண்ணீர் விடுவதெல்லாம் யூனிஸ் சொன்னபடி நடந்தது. தினமும் இரண்டு கிராம், வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை கொஞ்சம் இறங்கி ஏறியது. ஒரு குட்டையும் சாகவில்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை எட்டுக் குட்டைகளையும் ஒரேயடியாக நல்ல தண்ணீராக்கிவிட்டது. மழையை அளந்து விடச்சொல்ல யாராலும் முடியாது. மறுபடி சிவந்த வால், மறுபடி பறவைகள். 1986 முடிவதற்குள் டாக்டர்கள் பண்ணையை மூடினார்கள். டாக்டரின் தம்பி குடும்பம் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தது. டெக்சஸ் பக்கமே வரவில்லை. ஆனால் டாக்டர் யூனிஸுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பண்ணை மூடுவதற்கு முந்தின வசந்தத்தில் யூனிஸ் குடும்பத்துக்குக் கிரீன் கார்டு வந்தது. சத்தியசீலனுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. இவள் பரீட்சை எழுதிப் பாஸாகி எங்கள் லேபுக்கு வந்தாள்.

கதையைச் சொல்லி முடித்ததும் நான் தெரியாத்தனமாக ஒன்று கேட்டேன். “அவர் உங்கள மன்னிச்சிட்டாரில்ல?”

“அது எனக்குத் தெரியாது” என்றாள். “ஓகேன்னு சொன்னாரு. அந்த வார்த்தைய இந்த ஊர்ல எல்லாத்துக்கும் சொல்லுவாங்க.” டிபன் பாக்ஸை மூடினாள். “அந்த நாலு நாளும் நான் யோசிச்சது என் குடும்பத்த. அது தப்புன்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியல. அதான் கஷ்டம்.”

ஒரு மணி ஆகியிருந்தது. காலையில் வார்டுகளிலிருந்து வந்த ரத்தக் குழாய்கள் இன்னும் பாதிக்கு மேல் மீதியிருந்தன. கையைக் கழுவிவிட்டு இருவரும் உள்ளே போனோம்.